தேங்காயா, தேங்காயின் விலையா?

"தேங்காயை மூன்றால் பெருக்கினால் மூன்று தேங்காய் வரும், தம்பி. ரூபா எப்படி வரும்?"

1993ஆம் ஆண்டு, ஆண்டு 10 வகுப்பில் எங்கள் கணித ஆசிரியர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று அவர் கரும்பலகையில் எழுதிய கணக்கு இன்றும் எனக்கு மனப்பாடம். ஒருவர் 3 தேங்காயும் 2 குட்டான் (சிறு ஓலைப்பெட்டி) பனங்கட்டியும் வாங்கி 46 ரூபா கொடுத்தார். இன்னொருவர் அதே கடையில் 1 தேங்காயும் 4 குட்டானும் வாங்கி 42 ரூபா கொடுத்தார். ஒவ்வொன்றும் என்ன விலை? நான் "தே = தேங்காய், ப = பனங்கட்டி" என்று தொடங்கி, இரண்டு சமன்பாடுகளை எழுதி, விடையும் கண்டுவிட்டேன். தேங்காய் 10 ரூபா, குட்டான் 8 ரூபா. விடை சரிதான். ஆனாலும் அவர் சரி போடவில்லை. முதல் வரியின் கீழே சிவப்பு மையால் கோடிழுத்து, "பொருளா, எண்ணா?" என்று எழுதிக் கொப்பியைத் திருப்பித் தந்தார்.

விடை சரியென்றால் எதற்கு இந்தக் கண்டிப்பு என்று அன்று மனம் வெதும்பினேன். அடுத்த கிழமை காரணம் விளங்கியது. "முப்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர், இதைச் சமன்பாடாக எழுதுங்கள்" என்றார். பெரும்பாலானோர் சொற்கள் வந்த வரிசையிலேயே 30மா = ஆ என்று எழுதினோம். அவர் ஒன்றும் சொல்லாமல் மாணவர் தொகையாக 300ஐ இட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்பதாயிரம் ஆசிரியர்கள் வந்தார்கள். வகுப்பே அமைதியாகிவிட்டது. எழுத்து மாணவரைக் குறிக்கவில்லை, மாணவரின் எண்ணிக்கையைக் குறிக்கிறது; ஆகவே மா = 30ஆ. தேங்காய்க் கணக்கில் என்னைத் தப்பவிட்ட அதே பிழை இங்கே எல்லோரையும் பிடித்துக்கொண்டது.

அந்த ஆண்டுகள் எப்படி இருந்தன என்பது உங்களில் பலருக்குத் தெரியும். போரால் 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கில்தான் படித்தோம். கொப்பிக்கும் தட்டுப்பாடு. அதனால்தானோ என்னவோ, எழுதத் தொடங்கும் முன் கணக்கை மூன்று முறை வாசிக்க வேண்டும் என்பது அவருடைய சட்டமாக இருந்தது. முதல் வாசிப்பில் கதை. இரண்டாவதில், என்ன தெரியாது என்று அலகோடு ஒரு முழு வசனம். மூன்றாவதில், எந்த வசனம் எதை எதற்குச் சமன் என்று சொல்கிறது. அதன் பிறகுதான் பென்சிலைத் தொடலாம்.

எண்களை நிரை நிரலாக அடுக்கி அடைப்புக்குள் இடும் தாயத்தை (matrix) அவர் அறிமுகப்படுத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். அதே தேங்காய்க் கணக்கை மீண்டும் எழுதி, எழுத்துகளையும் கூட்டற்குறிகளையும் சமன் குறிகளையும் துணியால் துடைத்தார். 3, 2 மேலே. 1, 4 கீழே. இருபுறமும் அடைப்புக்குறி இட்டார். "நிரை ஒரு வாடிக்கையாளர், நிரல் ஒரு பொருள். கடை முழுவதும் இதற்குள் இருக்கிறது" என்றார். குறுக்காகப் பெருக்கிக் கழித்தோம்: 12இலிருந்து 2 போக 10. அப்படிக் கிடைக்கும் எண்தான் தாயத்தின் துணிகோவை (determinant).

பிறகு இரண்டாவது வாடிக்கையாளரை மாற்றினார். இவர் 6 தேங்காயும் 4 குட்டானும் வாங்கி 92 ரூபா கொடுத்தார். துணிகோவை பூச்சியமாகிவிட்டது. "இவர் முதலாமவர் சொன்னதையே இரட்டித்துச் சொல்கிறார். புதிய செய்தி ஒன்றும் இல்லை. விலையை எப்படிக் கண்டுபிடிப்பாய்?" 92ஐ அழித்து 90 என்று எழுதினார். "இப்போது?" யாரோ பின்வாங்கிலிருந்து, "கடைக்காரர் இரண்டு பேருக்கும் இரண்டு விலை சொல்லியிருக்கிறார், சேர்" என்றான். அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. தீர்வு முடிவிலி, தீர்வு இல்லை என்று புத்தகம் இரண்டு வரியில் முடிப்பதை, அவர் ஒரு கடை வாசலில் நிறுத்திக் காட்டினார்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த என் சக பணியாளர் தாயத்தை 'அணி' என்பார். எனக்குத் தாயம்தான். 1850இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் சில்வெஸ்டர் இதற்கு இட்ட 'matrix' என்ற ஆங்கிலப் பெயர் கருப்பை என்று பொருள்படும் இலத்தீன் சொல். நம் சொல்லிலும் தாய் ஒலிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பல்கலைக்கழக நூலகத்தில்தான் சீனத்தின் பழைய கணித நூலான 'ஒன்பது அத்தியாயங்கள்' பற்றி வாசித்தேன். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையானது. அதன் எட்டாம் அத்தியாயத்தில் இத்தகைய கணக்குகள் 18 இருக்கின்றன. முதலாவது தானியக் கட்டுகளைப் பற்றியது: முதல்தரக் கட்டு 3, இரண்டாந்தரம் 2, மூன்றாந்தரம் 1 சேர்ந்தால் 39 அளவு தானியம், 2, 3, 1 சேர்ந்தால் 34, 1, 2, 3 சேர்ந்தால் 26. எழுத்தும் இல்லை, சமன் குறியும் இல்லை. எண்ணுகுச்சிகளைப் பலகையில் நிரல் நிரலாக அடுக்கி, ஒன்றைப் பெருக்கி மற்றதிலிருந்து கழித்துக் கழித்து விடை கண்டிருக்கிறார்கள். பின்னாளில் ஜெர்மானியக் கணிதவியலாளர் காவுஸின் (Gauss) பெயரைப் பெற்ற முறை அதுதான். விடைகள் ஒன்பதேகால், நாலேகால், இரண்டேமுக்கால். துடைத்த கரும்பலகை கண்முன்னே வந்து நின்றது. இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று உடனே தோன்றியது. அதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

இன்று நான் கட்டட அமைப்புப் பொறியியலாளன். ஒரு சாதாரணக் கட்டடத்திற்கே ஆயிரக்கணக்கான தெரியாக்கணியங்கள் இருக்கும். கணினி நொடிகளில் தீர்த்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு சட்டகத்தை உள்ளிட்டபோது, விறைப்புத் தாயத்திற்கு (சட்டகம் வளையாமல் எவ்வளவு எதிர்க்கும் என்பதை எண்களாகக் காட்டும் தாயம்) நேர்மாறு இல்லை, அதாவது துணிகோவை பூச்சியம் என்று கணினி நின்றுவிட்டது. எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அரைநாள் போயிற்று. பிறகு வரைபடத்தை மூன்று முறை வாசித்தேன். ஒரு தூணின் அடியில் தாங்கியைக் குறிக்க மறந்திருந்தேன். அந்தச் சட்டகம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் சரியக்கூடிய நிலையில் இருந்தது. எங்கே நிற்கிறது என்பதை நான் சொல்லவே இல்லை. புதிய செய்தி ஒன்றும் தராத வாடிக்கையாளர்தான் நினைவுக்கு வந்தார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, மழையில், போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. பையில் உடுப்புகளோடு அந்தக் கொப்பியும் இருந்தது. இப்போது மேசையில் திறந்து கிடக்கிறது. ஆசிரியரின் சிவப்பு மை நனைந்து பரவி, அந்தக் கேள்வி இருந்த இடத்தில் ஒரு வெளிர்சிவப்புக் கறை மட்டும் நிற்கிறது. அதன் கீழே நான் பென்சிலால் திருத்தி எழுதியது மட்டும் அழியவில்லை: "தே = ஒரு தேங்காயின் விலை, ரூபாவில்."