எந்த மருந்துக்குக் கேட்கும்?

பிளட் கல்ச்சர் இயந்திரம் ஒலி எழுப்பினால் கையில் எந்த வேலை இருந்தாலும் அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். ஆய்வகத்தில் சேர்ந்த நாளிலிருந்து இது மாறவில்லை. காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒருவரின் ரத்தத்தில் ஏதோ ஒன்று உயிரோடு பெருகுகிறது என்றுதான் அந்த ஒலிக்கு அர்த்தம். கிருமியே இருக்கக் கூடாத இடம் ரத்தம்.

இயந்திரத்துக்குள் நடப்பது எளிமையான சங்கதிதான். சத்துக் குழம்பு நிரப்பிய பாட்டிலில் நோயாளியின் ரத்தம் கலந்திருக்கும். பாக்டீரியா அதைத் தின்று பெருகும்போது கரியமில வாயு வெளிவரும், பாட்டிலின் அடியில் இருக்கும் உணரி நிறம் மாறும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இயந்திரம் ஒவ்வொரு பாட்டிலையும் எட்டிப் பார்க்கும். வழக்கமாக ஐந்து நாள் வரை வைத்திருப்போம். ஆனால் ஆபத்தான கிருமிகள் அவ்வளவு நாள் காத்திருக்காது. பெரும்பாலும் முதல் நாளிலேயே குரல் கொடுத்துவிடும்.

பாட்டிலை எடுத்து, மூடியை ஸ்பிரிட்டில் துடைத்து, ஊசியால் உறிஞ்சி ஸ்லைடில் ஒரு சொட்டு விடுவேன். அப்புறம் கிராம் ஸ்டெயின், அதாவது கிருமிக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பது. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை, இன்றும் எங்களுக்கு முதல் தகவல் அதிலிருந்துதான். ஊதா நிறத்தில் திராட்சைக் கொத்துப் போல உருண்டைகள் தெரிந்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ். இளஞ்சிவப்பில் குட்டிக் குச்சிகள் என்றால் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அந்தக் குச்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் என் மனதில் எழும் கேள்வியும், வார்டு வாசலில் நிற்கும் உறவினர்கள் கேட்பதும் ஒன்றேதான்: இது எந்த மருந்துக்குக் கேட்கும்?

அந்தக் கேள்விக்கு ரிப்போர்ட்டில் ஓர் எழுத்தால் பதில் சொல்லிவிடலாம் என்று நான் பல வருடம் நம்பியிருந்தேன். கேட்டால் ‘எஸ்’, கேட்காவிட்டால் ‘ஆர்’. சோதனையை ஒழுங்காகச் செய்து, எழுத்தைச் சரியாகப் போட்டு, கையெழுத்திட்டு அனுப்பினால் என் பொறுப்பு முடிந்தது என்று நினைத்தேன். அந்த நினைப்பை ஒரு நோயாளி மாற்றினார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர். பித்தப்பாதையில் அடைப்பு, அதனால் ரத்தத்தில் கிளெப்சியெல்லா. செஃப்ட்ரியாக்சோன் ‘ஆர்’, பிப்பராசில்லின்-டாசோபாக்டம் ‘எஸ்’, மெரோபெனம் ‘எஸ்’. கடைசி அஸ்திரம் போன்ற மெரோபெனத்தைக் கூடுமானவரை பத்திரப்படுத்த வேண்டும் என்று நாங்களே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்த காலம். மருத்துவர் எங்கள் பேச்சைக் கேட்டு பிப்பராசில்லின்-டாசோபாக்டம் கொடுத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கவில்லை, ரத்த அழுத்தம்தான் இறங்கியது. ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரே ஆய்வகத்துக்கு வந்தார். கோபமே இல்லாமல் கேட்டார்: “மேடம், எஸ்ஸுன்னுதானே போட்டிருக்கீங்க. ஏன் கேக்கலை?”

என்னிடம் அப்போது முழுப் பதில் இல்லை. மெரோபெனத்துக்கு மாற்றினார்கள், பித்தப்பாதை அடைப்பையும் அன்றே நீக்கினார்கள். நோயாளி பிழைத்துவிட்டார். எது காப்பாற்றியது, மருந்தா, அடைப்பு நீங்கியதா என்று ஒரே ஒரு நோயாளியை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

விஷயம் இதுதான். இஎஸ்பிஎல் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் நொதிகளைச் சுரக்கும் கிருமிகள் செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளை உடைத்துப் போட்டுவிடும். டாசோபாக்டம் அந்த நொதியைத் தடுக்கும், ஆனால் ஓர் அளவுக்குத்தான். ஆய்வகத்தில் நாங்கள் மில்லிக்கு சுமார் 5 லட்சம் கிருமிகளை வைத்துச் சோதிக்கிறோம். சீழ் கட்டிய இடத்தில், அடைபட்ட பித்தத்தில் கிருமிகள் அதைவிடப் பல மடங்கு குவிந்திருக்கும். நொதியும் அத்தனை மடங்கு. குழாயில் ஜெயிக்கும் மருந்து உடம்பில் தோற்க இடமுண்டு.

2018-இல் மெரினோ ஆய்வு வெளிவந்தபோது நாற்காலி நுனியில் உட்கார்ந்து படித்தேன். செஃப்ட்ரியாக்சோனுக்குக் கேட்காத, ஆனால் பிப்பராசில்லின்-டாசோபாக்டத்துக்குக் கேட்கும் என்று ஆய்வகங்கள் சொன்ன ஈ.கோலை, கிளெப்சியெல்லா ரத்தத்தில் இருந்த நோயாளிகள். ஒரு பாதிக்கு அந்த மருந்து, மறு பாதிக்கு மெரோபெனம். முப்பது நாளில் முதல் பிரிவில் 12.3 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், மெரோபெனம் பிரிவில் 3.7 சதவீதம். பின்னால் அதே கிருமிகளை இன்னும் துல்லியமான முறையில் திரும்பச் சோதித்தபோது, ‘எஸ்’ என்று சொல்லப்பட்டவற்றில் சில உண்மையில் ‘எஸ்’ இல்லை என்றும் தெரிந்தது. எழுத்து சரியாக இருந்தாலும் போதாது, சில சமயம் எழுத்தே சரியாக இருப்பதில்லை. இரண்டும் ஒரே ஆய்விலிருந்து எனக்குக் கிடைத்தன. அதற்குப் பிறகு அந்த மாதிரிக் கிருமி ரத்தத்தில் வந்தால் வெறும் எழுத்தோடு ரிப்போர்ட்டை நான் அனுப்புவதில்லை. கீழே ஒரு குறிப்பு எழுதுகிறேன், போனில் கூப்பிட்டும் சொல்கிறேன்.

போன் பேசுவதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் “கிராம் நெகட்டிவ் பேசிலஸ் தெரியுது” என்று, அதாவது அந்த இளஞ்சிவப்புக் குச்சிகள் தெரிகின்றன என்று, ஒரு வரி சொல்லி வைத்துவிடுவேன். இப்போது நான்தான் கேள்வி கேட்கிறேன். பிரஷர் எப்படி இருக்கிறது? சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்துக்குள் விடும் குழாய்) போட்டிருக்கிறதா, எத்தனை நாளாக? முன்பு எங்கேயாவது அட்மிட் ஆகியிருந்தாரா? இப்போது எந்த மருந்து ஓடுகிறது? சிறுநீரகம் எப்படி? இரவு இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டருக்கு இதெல்லாம் தொந்தரவாக இருக்குமோ என்று முதலில் தயங்கினேன். இல்லை. பல நேரம் அவருக்கு அந்த நேரத்தில் கலந்து பேச வேறு ஆள் இல்லை.

லைன் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. லைனிலிருந்து எடுத்த பாட்டிலும் கையிலிருந்து எடுத்த பாட்டிலும் ஒரே கிருமியைக் காட்டி, லைன் பாட்டில் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக்கொண்டால், கிருமி குடியிருப்பது லைனில்தான் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பாட்டிலிலும் ஒரே அளவு ரத்தம் இருந்து, ஒரே நேரத்தில் எடுத்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். கிருமிகள் அங்கே வழவழப்பான ஒரு படலத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அங்கேயே விட்டுவிட்டு மேலே மேலே மருந்தை மாற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. எந்த மருந்து என்ற கேள்விக்குச் சில நாள் பதில், “முதலில் லைனை எடுங்கள்.”

பாட்டில் எங்களிடம் வருவதற்கு முன்பே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. அதை நான் ஒரு சிஸ்டரிடம் கற்றேன். ஐசியூவில் அவர் ரத்தம் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குளோர்ஹெக்சிடினால் தோலைத் தேய்த்துவிட்டு, அது காயும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பக்கத்துப் படுக்கையில் கூப்பிட்டாலும் அந்த அரை நிமிடம் அசையமாட்டார். பாட்டிலின் ரப்பர் மூடியையும் துடைப்பார். அப்புறம் பாட்டிலுக்குப் பத்து மில்லி, அளவுக்கோட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துச் சரிபார்ப்பார். ஒரு செட் என்றால் இரண்டு பாட்டில்; இரண்டாவது செட்டை வேறு கையிலிருந்து எடுப்பார். பெரியவர்களுக்கு ரத்தத் தொற்று இருக்கும்போது ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமிகூட இல்லாமல் போகலாம். மூன்று மில்லி அனுப்பிவிட்டு “வளர்ச்சி இல்லை” என்று நாங்கள் சொல்வதை நம்பினால் என்ன ஆகும்? அவர் எடுத்த பாட்டிலில் வளர்ச்சி இல்லை என்றால் எனக்குத் தைரியமாகக் கையெழுத்துப் போட வரும்.

தோலைச் சரியாகத் துடைக்காத பாட்டிலில் தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளரும். நான்கு பாட்டிலில் ஒன்றில் மட்டும், அதுவும் தாமதமாக வந்தால் அது பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு வந்ததுதான். ஒரே ஒரு செட் அனுப்பியிருந்தால் பிரித்துச் சொல்லவே முடியாது. அப்படிப்பட்ட பாட்டிலை நம்பி, தேவையே இல்லாமல் வான்கோமைசின் நாள்கணக்கில் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லாமல் ஓடும் ஒவ்வொரு மருந்தும் குடலில் இருக்கும் கிருமிகளைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த தொற்று அங்கிருந்துதான் புறப்படும்.

மெரோபெனமும் கேட்காத கிருமியை முதன்முதலாகப் பிளேட்டில் பார்த்த காலை நினைவிருக்கிறது. மருந்து தடவிய வட்டத் துண்டைச் சுற்றி எப்போதும் ஒரு தெளிவான வளையம் இருக்கும், கிருமி ஒதுங்கி நிற்கும். அன்று வளையமே இல்லை. துண்டின் விளிம்பைத் தொட்டபடி, பாலாடை மாதிரி பளபளப்பாக வளர்ந்திருந்தது. கிருமியை மாற்றி எடுத்துவிட்டோமோ என்று திரும்பப் போட்டோம். மறுநாளும் அதேதான்.

இந்த மாதிரிக் கிருமிகளில் ‘ஆர்’ என்ற எழுத்து இன்னும் குறைவாகத்தான் பேசுகிறது. எந்த நொதியால் ‘ஆர்’ ஆனது என்று தெரிய வேண்டும். கேபிசி, ஆக்சா-48 வகை என்றால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் பெரும்பாலும் கேட்கும். 2009-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட என்டிஎம் வகை என்றால் அது தனியாக உதவாது. என்டிஎம் நொதியால் அஸ்ட்ரியோனம் என்ற இன்னொரு மருந்தை உடைக்க முடியாது. ஆனால் அதே கிருமி கூடவே வைத்திருக்கும் மற்ற நொதிகள் உடைத்துவிடும். இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், அவிபாக்டம் மற்ற நொதிகளின் கையைக் கட்டிப்போடும், அஸ்ட்ரியோனம் தன் வேலையைப் பார்க்கும். மரபணுச் சோதனை ஒரு மணி நேரம் போல நேரத்தில் நொதியின் பெயரைச் சொல்லிவிடும். அந்தப் பெயர் கிடைத்த நிமிடமே போன் போக வேண்டும். மறுநாள் ரிப்போர்ட்டில் வந்தால் பிரயோசனமில்லை.

கோலிஸ்டின் பற்றியும் கொஞ்சம். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஏறக்குறைய ஒதுக்கிவைத்த மருந்தை, வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தோம். அதன் மூலக்கூறு பெரிது, பிளேட்டில் சரியாகப் பரவாது. அதனால் வட்டத் துண்டு வைத்துச் செய்யும் சோதனையை நம்பவே கூடாது. குழம்பில் அளவு அளவாகக் கலந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். பழைய முறையில் ‘எஸ்’ போட்ட ரிப்போர்ட்டுகள் என் கையாலும் போயிருக்கின்றன. அவற்றை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

உயர்ந்த மருந்துக்கு ஏறுவதைவிட அதிலிருந்து இறங்கச் சொல்வது கடினம். எளிய மருந்துக்கே கேட்கும் என்று ரிப்போர்ட் வந்த பிறகும், “நல்லாத்தானே போயிட்டிருக்கு, ஏன் மாத்தணும்?” என்பார்கள். நாள்கணக்கிலும் அப்படியே. 2024-இல் வெளிவந்த பேலன்ஸ் ஆய்வில் ரத்தத் தொற்றுள்ள 3,600-க்கும் அதிகமான நோயாளிகளிடம் ஏழு நாள் சிகிச்சையையும் பதினான்கு நாள் சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். 90 நாளில் இறப்பு முறையே 14.5 சதவீதம், 16.1 சதவீதம். ஏழு நாள் எந்த விதத்திலும் குறையவில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அதில் சேர்த்தி இல்லை. அதற்கு இதயத்தைப் பரிசோதித்து, ரத்தம் சுத்தமாகிவிட்டதா என்று திரும்பக் கல்ச்சர் பார்த்து, குறைந்தது இரண்டு வாரம் கொடுத்தே ஆக வேண்டும். இந்த வித்தியாசத்தையெல்லாம் எழுத்தில் எப்படிச் சொல்வது? வார்டுக்கு நடந்துபோய்த்தான் சொல்ல வேண்டும். வாரத்தில் மூன்று நாள் போகிறேன்.

சமீபத்தில் ஐசியூவில் ஒரு இளைஞர். விபத்து, அறுவை சிகிச்சை, பிறகு ரத்தத்தில் கிளெப்சியெல்லா. சோதனை என்டிஎம் என்றது, அன்றிரவே இரண்டு மருந்தையும் சேர்த்து ஆரம்பித்தார்கள். ஆனால் இந்தக் கிருமிக்கு அந்தச் சேர்க்கை கேட்குமா என்று உறுதி செய்ய வேண்டும். நான்கு குழாய்களில் குழம்பு எடுத்தோம். ஒன்றில் மருந்தே இல்லை, ஒன்றில் அஸ்ட்ரியோனம் மட்டும், ஒன்றில் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் மட்டும், நான்காவதில் இரண்டும். மருந்துத் துண்டுகளைப் போட்டு, மருந்து குழம்பில் இறங்க அரை மணி நேரம் விட்டு, கிருமியைச் சேர்த்து இன்குபேட்டரில் வைத்தோம். மறுநாள் காலை டெக்னீஷியன் தம்பி என்னை எதிர்பார்த்து நின்றார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். மூன்று குழாய் கலங்கியிருந்தது. நான்காவது குழாய்க்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரிந்தது.

ஐசியூவைக் கூப்பிட்டேன். “டாக்டர், சேர்த்துக் கொடுத்தா கேக்குது. நிறுத்திடாதீங்க.”

“உறுதியா மேடம்?”

“உறுதி. பழைய லைனை எடுத்தாச்சா?”

“நேத்தே எடுத்தாச்சு. திரும்பக் கல்ச்சர் அனுப்பறேன்.”

“ரெண்டு செட். பாட்டிலுக்குப் பத்து மில்லி.”

மதியம் நான்கு பாட்டில்கள் வந்தன. தூக்கிப் பார்த்தேன், நான்கிலும் கோடு வரைக்கும் ரத்தம். ஐந்தாம் நாள் சாயந்திரம் வரை இயந்திரம் அந்த வரிசையிலிருந்து ஒலி எழுப்பவில்லை. ‘வளர்ச்சி இல்லை’ என்று கையெழுத்திட்டுவிட்டு, ரிப்போர்ட் போய்ச் சேரட்டும் என்று விடாமல், மாடியேறிப் போய் அவருடைய அம்மாவிடம் சொன்னேன்.