ஒரு கொம்பும் ஒரு துணைக்காலும்

கொக்கட்டிச்சோலைத் தேருக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு உதவட்டும் என்று, இணையம் இல்லாமலும் இயங்கும் ஒரு திறந்த மூல வரைபடச் செயலியில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக் கிராமங்களின் பட்டியலை ஏற்றினேன். தேடியபோது மகிழடித்தீவு வந்தது, முனைக்காடு வந்தது. கொக்கட்டிச்சோலை மட்டும் வரவில்லை. அம்மாவின் ஊர் அது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து போன ஊர். விட்டுவிட மனம் வரவில்லை.

தேடும் நிரலில்தான் பிழை என்று இரண்டு இரவுகள் அதையே கிளறினேன். மூன்றாம் இரவு, பட்டியலில் இருந்த பெயரையும் கைபேசியில் நான் தட்டிய பெயரையும் குறியீடு குறியீடாகப் பிரித்துப் பார்த்தேன். கண்ணுக்கு இரண்டிலும் அதே எட்டு எழுத்துகள். கணினிக்கோ ஒன்றில் 15 குறியீடுகள், மற்றதில் 17. நான் தட்டியதில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு. பட்டியலில் ககரம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என மூன்று. ‘சோ’விலும் அதே கதை.

பட்டியல் மாமா கொடுத்தது. அச்சகத்தில் பல ஆண்டுகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியவர். "கொம்பை முதலில் போடு மகன், பிறகு எழுத்து, பிறகு கால்" என்று சிறுவயதில் எனக்குச் சொல்லித்தந்தவரும் அவர்தான். கை எழுதும் வரிசை அது. இப்போதைய பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் மெய் முன்னே வரும், குறி பின்னே வரும். பாமினியை யுனிகோடாக மாற்றித்தந்த மென்பொருள் வரிசையைத் திருத்தியது. கொம்பையும் காலையும் ஒன்றுசேர்க்காமல் விட்டது. இரண்டு வடிவங்களும் ஒன்றே என்று யுனிகோடு தெளிவாகச் சொல்கிறது. செயலி அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் மூன்று வரி எழுதி, அந்தத் திருத்தத்தைச் செயலியில் சேர்க்கக் கேட்கும் ‘புல் ரிக்குவெஸ்ட்’ அனுப்பினேன். பத்தொன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. பராமரிப்பாளர் எங்கோ ஒரு நாட்டில், வேலை முடிந்த நேரத்தில் சம்பளமில்லாமல் இதைப் பார்ப்பவர், தமிழ் தெரியாதவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: வேறு மொழிகளிலும் இப்படி உண்டா? முதலில் சுருக்கென்றது. தேடிப் பார்த்தால் மலையாளத்தில் உண்டு, வங்காளத்தில் உண்டு, சிங்களத்திலும் உண்டு. சிங்களத்தில் அந்தக் குறிக்குப் பெயரே ‘கொம்புவ’. இத்தனை காலம் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மூன்று வரிகளையும் அழித்தேன். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் 2015 முதலே, இப்படிப்பட்ட வடிவங்களை ஒன்றாக்கவென்று ‘நார்மலைஸ்’ என்ற கட்டளை இருக்கிறது. எல்லா எழுத்துமுறைகளுக்கும் பொதுவானது. பெயர்களை அட்டவணையில் சேர்க்கும் இடத்தில் ஒரு முறை, தேடும் சொல்லை வாங்கும் இடத்தில் ஒரு முறை அழைத்தேன். இரண்டு இடத்திலும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்து அரை நாள் வீணானது. நிரலைவிடச் சோதனை எழுதத்தான் அதிக நேரம் போனது. அந்தச் சோதனைக் கோப்பில் இப்போது கொக்கட்டிச்சோலை இரண்டு விதமாக இருக்கிறது. யாராவது நாளை இதைத் தெரியாமல் உடைத்தால் அம்மாவின் ஊர்ப்பெயர் சிவப்பில் வந்து நிற்கும். வேலைக்காக எழுதிய எந்த நிரலும் எனக்கு இந்த நிறைவைத் தந்ததில்லை.

மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு வரிகளையும் விரலால் தடவிப் பார்த்து, "இரண்டும் ஒன்றுதானே மகன்" என்றார். அதைத்தான் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தேன் மாமா என்றேன்.

ஔகாரம் இன்னும் தீரவில்லை. ‘பௌர்ணமி’யில் கொம்புக்குப் பின்னே வருவது ளகரம் போலவே தெரியும், ஆனால் அதற்குத் தனிக் குறியீடு. பலர் ளகரத்தையே தட்டிவிடுகிறார்கள். நார்மலைஸ் அதைத் தொடாது. தொடவும் கூடாது, ‘கெளிறு’ என்ற மீன் ‘கௌறு’ போல ஏதாவது ஆகிவிடும். மாமாவின் பழைய கோப்புகளிலிருந்து அப்படித் தட்டிய சொற்களைப் பொறுக்கிவருகிறேன். நேற்றிரவு வரை 41.