2027க்கு மேல் யாருக்கும் கையெழுத்து இல்லை: ஷார்க்ஸுக்கு நான் போட்ட அணிக்கணக்கு

மே 2025

சான் ஹோசே ஷார்க்ஸ் தொடர்ந்து இரண்டாவது வருஷமும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் கடைசி இடம். போன வருஷம் 47 புள்ளி, இந்த வருஷம் 52. 82 ஆட்டத்தில் 20 வெற்றி. இப்படிப்பட்ட அணிக்கு ரசிகனாக இருப்பதில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு. ஏப்ரல் பாதியிலேயே சீசன் முடிந்துவிடும், அடுத்த வருஷ அணியை நாமே உட்கார்ந்து கட்ட ஆரம்பிக்கலாம்.

முன்பெல்லாம் இதற்கு கேப்ஃப்ரெண்ட்லி என்ற தளம் இருந்தது. 2024இல் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணி அதை விலைக்கு வாங்கி, பொதுமக்களுக்கு மூடிவிட்டது. அதனால் இந்த முறை எல்லாம் எக்ஸெல்லில்தான்.

ஐபிஎல் ஏலம் பார்க்கிறவர்களுக்குக் கணக்கு சுலபமாகப் புரியும். 2025-26க்கு ஒரு அணி சம்பளமாக 95.5 மில்லியன் டாலருக்கு மேல் போகக் கூடாது, அதுதான் கேப். 70.6 மில்லியனுக்குக் கீழேயும் இறங்கக் கூடாது, அது ஃப்ளோர். நல்ல அணிகள் மேலே இடிக்குமோ என்று பயப்படும். நம்முடையது கீழே இடிக்கிறது. 3 மில்லியனும் அதற்கு மேலும் வாங்குகிறவர்கள் எல்லாரையும் கூட்டிப் பார்த்தேன், சுமார் 36 மில்லியன்தான் வந்தது. அதிலும் 8 மில்லியன் லோகன் கூட்யூருடையது. காயத்தால் இனி ஆடப்போவதில்லை என்று ஏப்ரலில் அறிவித்துவிட்டார், ஆனால் ஒப்பந்தம் 2027 வரை கணக்கில் நிற்கும். பிட்ஸ்பர்க்கில் ஆடும் எரிக் கார்ல்சனுக்கு வருஷம் 1.5 மில்லியன், வேகாஸில் ஆடும் தோமாஷ் ஹெர்ட்லுக்குக் கிட்டத்தட்ட 1.4 மில்லியன் நாம்தான் கொடுக்கிறோம். எதிரணி ஜெர்சியில் வந்து நமக்கே கோல் போடுகிறவருக்கு நம் பணம். சரி, ஆட்டக்காரரை வேறு அணிக்குக் கொடுக்கும் ட்ரேட் என்றால் அப்படித்தான், சில சமயம் சம்பளத்தில் ஒரு பங்கை நாமே சுமக்க வேண்டும்.

அணியின் உயிரே மூன்று பொடியன்கள்: மேக்லின் செலபிரினி, வில் ஸ்மித், வில்லியம் எக்லுண்ட். மூவர் சம்பளமும் சேர்த்து, போனஸ் தவிர்த்தால், 3 மில்லியனுக்குள். செலபிரினி முதல் சீசனிலேயே 70 ஆட்டத்தில் 63 புள்ளி (போட்ட கோலும் கோலுக்குச் செய்த உதவியும் சேர்த்து) எடுத்தவர்.

ஆகவே எக்ஸெல்லில் சம்பளப் பத்தியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "எப்போது முடிகிறது" என்ற பத்தியை முன்னால் கொண்டுவந்தேன். 2027க்குப் பிறகும் நீளும் ஒப்பந்தம் என்றால் கட்டம் சிவப்பாகும். ஏன் 2027? செலபிரினி, ஸ்மித், கோல்கீப்பர் அஸ்கரோவ் மூவரின் ஒப்பந்தமும் அந்த ஒரே கோடையில் முடிகிறது. மூவரும் பெரிய தொகை கேட்பார்கள், கொடுத்தே ஆக வேண்டும். புதுமுகங்களை விட்டால், இப்போதைக்குச் சிவப்பாக இருப்பவை இரண்டே: 2028 வரை டைலர் டொஃபோலி, 2030 வரை ஹெர்ட்லின் மிச்சம். கூட்யூர், கார்ல்சன், நம் இன்னொரு ஆட்டக்காரர் குட்ரோ எல்லாமே 2027இல் தீர்ந்துவிடும். கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஜூன்

டொரண்டோவின் மிட்ச் மார்னர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிறார், அதாவது ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகலாம், பணம்தான் கொட்டிக் கிடக்கிறதே, அவரைப் பிடி என்று நண்பர்கள் கூச்சல். நான் சேர்க்கவில்லை. 28 வயதுக்காரருக்கு நீண்ட ஒப்பந்தம் போட்டால் அவர் உச்சத்தில் இருக்கும் இரண்டு வருஷத்தை அடிமட்டத்தில் கழிப்போம், அணி தேறும்போது அவருக்கு வயதாகியிருக்கும். பணம் நம்மிடம் மலிவு, வருஷம்தான் விலை உயர்ந்தது.

ஓட்டை எங்கே என்பது ஆட்டம் பார்த்த எல்லாருக்கும் தெரியும்: டிஃபென்ஸ். ஜேக் வால்மனை எட்மன்டனுக்கும் கோடி சீசியை டல்லஸுக்கும் அனுப்பியாயிற்று, இரண்டுக்கும் டிராஃப்டில் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் சுற்றுத் தேர்வுகள் வந்தன. திட்டத்தில் எழுதியது: இடது பக்கம் தினமும் இருபது நிமிஷத்துக்கு மேல் தாங்கும் அனுபவசாலி ஒருவர், அதிகபட்சம் இரண்டு வருஷம், சம்பளம் தாராளம். அவருக்குத் துணையாக ஓரிரு ஒருவருஷக்காரர்கள். அஸ்கரோவுக்குப் பக்கத்தில் ஒரு மூத்த கோல்கீப்பர், ஒரே வருஷம். மார்க்-எட்வார்ட் விளாசிக்கின் கடைசி வருஷத்துக்கு 7 மில்லியன். அவரை அப்படியே வைத்துக்கொள்வதாகப் போட்டேன். ஃப்ளோரை எட்ட உதவும், பையன்களுக்கும் ஒரு பெரியவர் வேண்டாமா.

டிராஃப்ட் முடிந்தபின்

கடைசி இடம் வாங்கியும், முதல் தேர்வு யாருக்கு என்று முடிவு செய்யும் லாட்டரியில் நழுவிவிட்டோம், பத்தாவது இடத்திலிருந்து நியூயார்க் ஐலண்டர்ஸ் தாவி வந்து முதல் தேர்வைத் தட்டிக்கொண்டு போனது. டிஃபென்ஸ்காரர் மேத்யூ ஷேஃபர் அவர்களுக்கு. நமக்கு இரண்டாவது, மைக்கேல் மிசா. ஜூனியர் லீக்கில் 65 ஆட்டத்தில் 134 புள்ளி எடுத்த சென்டர், அதாவது நடுவில் ஆடும் முன்வரிசைக்காரர். திட்டத்தில் இருந்ததும் அவர்தான், இதில் மூளைக்கு வேலையே இல்லை. எக்ஸெல்லில் ஒரே மாற்றம்: ஸ்மித் சென்டரிலிருந்து ஓரத்தில் ஆடும் விங்குக்கு, செலபிரினிக்குப் பக்கத்திலேயே.

விளாசிக்கின் ஒப்பந்தத்தை மட்டும் அணியின் ஜெனரல் மேனேஜர் மைக் கிரியர் முறித்துவிட்டார். மிச்சச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை இரண்டு வருஷத்தில் பிரித்துக் கொடுக்க வேண்டும். 2006 முதல் இந்த ஒரே அணிக்கு ஆடியவர். கணக்குக்காக அவரை வைத்திருந்தேன், அந்த இடத்தை இளைஞனுக்குக் கொடுக்கலாம் என்று கிரியர் நினைத்திருக்கலாம். எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை.

ஜூலை

இந்த மாதம்தான் சுவாரசியம். கிரியர் செய்ததை வரிசையாக "எப்போது முடிகிறது" பத்தியில் ஏற்றினேன். டிமிட்ரி ஓர்லோவ், இரண்டு வருஷம், வருஷத்துக்கு 6.5 மில்லியன். ஜான் கிளிங்பெர்க், ஒரு வருஷம், 4 மில்லியன். செயின்ட் லூயிஸ் விட்டுவிட்ட நிக் லெட்டியை அவருடைய கடைசி வருஷத்தோடு எடுத்துக்கொண்டார். ஜெஃப் ஸ்கின்னர், ஒரு வருஷம். ஆடம் கோடெட், இரண்டு வருஷம். கோல்கீப்பர் நெடெல்கோவிச், ட்ரேடில், மிச்சம் ஒரு வருஷம். ஒரு கட்டம்கூடச் சிவப்பாகவில்லை! ஓர்லோவை நான் எழுதி வைக்கவில்லை, ஆனால் நான் வரைந்த அதே அச்சு. மார்னர் வேகாஸுக்குப் போனார், எட்டு வருஷம், வருஷத்துக்கு 12 மில்லியன்.

ஜூலை 1 அன்று எக்லுண்டுக்கு மட்டும் மூன்று வருஷ நீட்டிப்பு, வருஷத்துக்கு 5.6 மில்லியன். 2029 வரை நீளும் சிவப்புக் கட்டம்தான். 22 வயதுப் பையன், இங்கே வளர்ந்தவன், அதனால் அவனுக்குப் பச்சை அடித்துவிட்டேன். என் எக்ஸெல், என் இஷ்டம்.

செப்டம்பர், அக்டோபர்

மான்ட்ரியலின் கோல்கீப்பர் கேரி பிரைஸ் ஒப்பந்தம் நம்மிடம் வந்துவிட்டது. 2022 ஏப்ரலுக்குப் பிறகு அவர் ஆடவில்லை, கணக்கில் மட்டும் 10.5 மில்லியன். பெரிய போனஸை மான்ட்ரியல் ஏற்கெனவே கொடுத்து முடித்துவிட்டதால் நம் கையிலிருந்து போவது 2 மில்லியன். மேலே ஐந்தாம் சுற்றுத் தேர்வு ஒன்று இனாம். என் திட்டத்தில் ஃப்ளோருக்காகத்தான் விளாசிக் இருந்தார். இதைப் பார்த்த பிறகு அந்த வாதத்தை மூட்டை கட்டிவிட்டேன்.

டிஃபென்ஸ்காரர் சாம் டிக்கின்சன் விஷயத்தில்தான் தலைவலி. மெமோரியல் கோப்பை ஜெயித்த கனடிய ஜூனியர் அணி லண்டன் நைட்ஸின் பையன், 19 வயது. கனடிய ஜூனியர் லீக்குகளோடு இருக்கும் ஒப்பந்தப்படி, 20 வயது ஆகாதவரை என்ஹெச்எல்லில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் ஜூனியருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். நம் இரண்டாம் நிலை அணி பாரகூடா இதே ஊரில், சில மைல் தள்ளி ஆடுகிறது, ஆனால் அங்கே அனுப்ப முடியாது. மேலே வைத்திருக்கிறார்கள், நானும் அப்படித்தான் போட்டிருந்தேன்.

இனி மார்ச் ட்ரேட் கெடுவுக்கான வேலை. ஒரு அணி, தான் ட்ரேடில் அனுப்பியவர்களில் ஒரே சமயத்தில் மூன்று பேர் சம்பளத்தில்தான் பங்கு சுமக்கலாம், ஒவ்வொருவருக்கும் பாதி வரை. கார்ல்சன், ஹெர்ட்ல் இரண்டு இடத்தை அடைத்திருக்கிறார்கள், மிச்சம் ஒன்று. ஆனால் இந்த சீசனோடு முடிகிற ஒப்பந்தங்கள் வரிசையாக நிற்கின்றன: கிளிங்பெர்க், லெட்டி, ஸ்கின்னர், ஃபெராரோ, லில்யெக்ரன், வென்பெர்க். அந்த ஒரே இடத்தை யாருக்குக் கொடுப்பது? 3.25 மில்லியன் ஃபெராரோவை வாங்க யாருக்கும் தள்ளுபடி தேவைப்படாது. என் ஓட்டு வென்பெர்க்குக்கு. கோப்பைக்குப் போட்டியிடும் அணிகள் மார்ச்சில் மூன்றாவது சென்டரைத் தேடி அலையும், 5 மில்லியன் சம்பளத்தைப் பாதியாக்கிக் கொடுத்தால் இரண்டாம் சுற்றுத் தேர்வாவது கேட்கலாம். கிளிங்பெர்க் டிசம்பருக்குள் பவர் ப்ளேயில் (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) சூடுபிடித்தால் மட்டும் மறுபடி யோசிப்பேன்.