வடிகட்டியிலிருந்தே வந்த மாசு

விமான எரிபொருளில் கலக்கும் நீரையும் துருவையும் மணலையும் பிரிக்கத்தான் வடிகட்டிகள். ஆனால் 2010 ஏப்ரல் 13 அன்று, இந்தோனேசியாவின் சுரபயாவிலிருந்து ஹாங்காங் சென்ற கேத்தே பசிபிக் 780 விமானத்துக்கு ஆபத்தே வடிகட்டியிலிருந்துதான் வந்தது.

நீர் பட்டதும் உறிஞ்சி ஜெல்லாக வீங்கும் பாலிமர் அதற்குள் இருந்தது. சுரபயாவின் எரிபொருள் குழாய்களில் உப்புநீர் புகுந்திருந்தது. உப்புநீரில் அந்தப் பாலிமர் ஒழுங்காக வேலை செய்யாது. நுண்ணிய உருண்டைகளாக எரிபொருளோடு வெளியேறி, இரு என்ஜின்களின் எரிபொருள் கட்டுப்பாட்டு வால்வுகளையும் இறுக்கிவிட்டது.

ஓர் என்ஜின் வேகம் குறையவே மறுத்தது. மணிக்கு 400 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தரையிறக்கினார்கள். 322 பேரும் உயிர்பிழைத்தார்கள். அந்த விமானிகளை எத்தனை பாராட்டினாலும் தகும்! அவ்வகை வடிகட்டியைக் கைவிட விமானத்துறை பத்தாண்டுக்கும் மேல் எடுத்துக்கொண்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.