கரோன் ஆறு கிறுகின நேரம்

பாரிஸ்ல இருக்கிற மச்சாள்ட்ட நிக்கப் போன இடத்துல, வா ஒருநாள் பொர்தோ பாத்துட்டு வருவம் எண்டு அவ ரெயினுக்கு ரிக்கெற் போட்டுட்டா, ரெண்டு மணித்தியாலத்துல கொண்டுபோய் விட்டுட்டான். வைனுக்குப் பேர் போன ஊர். எனக்கு வைன் பழக்கமில்ல, ஆனா மட்டக்களப்பு வாவிக்கரைல வளந்தவளுக்கு இன்னொரு ஆறு காட்டினா போதும்தானே.

கரோன் தெளிஞ்ச ஆறு இல்ல, நல்ல மண்ணிறம், மாரி வெள்ளத்துல எங்கட வாவி கலங்கி நிக்குமே அப்பிடி. 1822ல கட்டி முடிச்ச கல்லுப் பாலம், 17 வளைவு, அதுல நிண்டு பாத்தா ஒரு மரக்கொப்பு மிதந்து வருது, வருது எண்டால் கடல் பக்கமிருந்து ஊருக்குள்ள! கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவே இல்ல. கடல் கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர் தள்ளி, ஆனாலும் பெருக்கு வந்தா ஆத்தையே திருப்பி விட்டுரும் எண்டு மச்சாள் சொன்னா. முகத்துவாரத்துல ஆத்துவாய் வெட்டினா தண்ணி கடலுக்குப் பாயுற பாய்ச்சல் பாத்த எனக்கு இந்த எதிர் ஓட்டம் பாக்கப் பாக்க அலுக்கல்ல.

அந்தப் பெருக்குலதான் பாய்க்கப்பல் உள்ள வந்து, வத்துல வைன் பீப்பாயோட இறங்கியிருக்கு. 1152ல இந்த ஊரும் சேந்த அக்கித்தேன் எண்ட பகுதிக்கு உரித்துக்காரி எலியனோர், ஹென்றியக் கட்டினா, அவர் ரெண்டு வருசத்துல இங்கிலாந்துக்கு ராசா, மறுகா 1453 வரைக்கும் ஊர் இங்கிலாந்துட கையில, வைன் கப்பல் கப்பலா அங்க. பொம்பிளப் புள்ளைக்கு வீடுவளவு குடுக்கிற எங்கட ஆக்களுக்கு இது டக்கெண்டு விளங்கும், காணி அவட.

ஆறு பிறை மாதிரி வளையிறதால நிலாத் துறைமுகம் எண்டு பேர், 2007ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தது. பூர்ஸ் சதுக்கத்துக்கு முன்னுக்கு கல்லுத்தளத்துல 2 சென்ரிமீற்றர் தண்ணி, முழுக் கட்டிடமும் அதுக்க தலைகீழா. செருப்பக் கழட்டிட்டு நானும் இறங்கினன், சில்லெண்டு இருந்திச்சு.

ஆத்தங்கரைல இன்னும் கொஞ்சம் நடந்தா வெண்கலத்துல ஒரு பொம்பிள. மொதெஸ்த் தெஸ்தாஸ். ஆபிரிக்காவுல பிடிபட்டு, இந்த ஊர் அண்ணன் தம்பி ரெண்டு பேர் விலைக்கு வாங்கி, இப்ப ஹெயிட்டி எண்டு சொல்லுற இடத்துக்குக் கொண்டுபோனவ. 2019லதான் சிலை வச்சிருக்கிறாங்க. இந்த அழகான கட்டிடங்களுக்குள்ள வைன் காசு மட்டுமில்ல, அடிமை வித்த காசும் இருக்கு. காணாமப் போன புள்ளைட போட்டோவ நெஞ்சோட பிடிச்சு நிக்கிற அம்மாக்களப் பாத்து வளந்தவ நான், ஒரு பேரும் ஒரு முகமும் ரோட்டோரம் எல்லாரும் காண நிக்கிறது எவ்வளவு பெரிய விசயம் எண்டு எனக்குத் தெரியும். கையத் தொட்டுப் பாத்தன், வெயிலுக்குச் சுட்டுது. மச்சாளும் நானும் கன நேரம் ஒண்டும் கதைக்கல்ல.

ரெயினுக்குப் போக முன்னம் கனெலே வாங்கினம், வெளிய கருகின மாதிரி மொறுமொறு, உள்ள வட்டிலப்பம் போல மெத்து. வைனத் தெளிய வைக்க முட்டை வெள்ளக்கருவப் போட்டு, மிஞ்சின மஞ்சக்கருவுல வந்த பலகாரமாம். அதைக் கையில வச்சுக்கொண்டே திரும்பவும் பாலத்துக்குப் போனம். தண்ணி கிறுகிட்டு, இப்ப கடலுக்குப் போகுது.