பலெர்மோவில் ஒரு புரட்டாசி

அப்பாவும் அம்மாவும் ஃபிராங்ஃபர்ட்டுக்கு எங்களிடம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது, பிள்ளைகளுக்கு அக்டோபர் விடுமுறை, கொஞ்சம் வெயில் இருக்கிற ஊராகப் போகலாம் என்று சிசிலியின் பலெர்மோவுக்கு ஆறு பேரும் கிளம்பினோம். அம்மாவுக்கு ஒரே கவலைதான். புரட்டாசி மாதம், கவுச்சி தொடமாட்டார், முட்டையும் கிடையாது. "அவங்க எதுல என்னத்தப் போடுவாங்கன்னு யார் கண்டா" என்று புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் பெட்டிக்குள் போனது.

பலெர்மோ பேராலயத்தை முதலில் பார்க்கும்போது தேவாலயம் என்றே தோன்றாது, மதில் பற்களும் கோபுரங்களுமாகக் கோட்டை மாதிரி நிற்கும். பழைய கிறிஸ்தவக் கோயில் ஒன்று அரபியர் ஆட்சியில் மசூதியாகி, நார்மன்கள் 1072-இல் ஊரைப் பிடித்ததும் மறுபடி தேவாலயமாகி, 1185-இல் பேராயர் வால்டர் புதிதாகக் கட்டத் தொடங்கிய இடம் இது. தெற்கு வாசல் மண்டபத்தில் இடது ஓரத் தூணை அவசியம் பாருங்கள். அதில் அரபியில் குர்ஆன் வசனம் செதுக்கியிருக்கிறது: வானத்தையும் பூமியையும் படைத்த இறைவன் பகலை இரவால் மூடுகிறான், சூரியனும் சந்திரனும் விண்மீன்களும் அவன் கட்டளைக்கு உட்பட்டவை என்று வரும் வசனம். அந்த மண்டபம் 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. அப்போதும் அந்தத் தூணை அப்படியே வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். நான் அதைத் தொட்டபடி வெகுநேரம் நின்றுவிட்டேன்.

உள்ளே போனால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உள்பக்கத்தை முழுக்க மாற்றிவிட்டார்கள், வெள்ளையடித்த பெரிய கூடம் மாதிரி இருக்கிறது. மன்னர் இரண்டாம் ரோஜரும் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக்கும் கிடக்கிற கருஞ்சிவப்புக் கல்பேழைகள் மட்டும் அந்தக் காலத்தை ஞாபகப்படுத்துகின்றன.

ஆனால் அப்பாவை அங்கிருந்து நகர்த்தவே முடியவில்லை. காரணம் தரையில் இருந்தது. பளிங்குக்கு நடுவே ஒரு பித்தளைக் கோடு, அதன் ஓரமாக வண்ணக் கற்களில் பதித்த ராசிகள். தேள், தராசு, நண்டு எல்லாம் இருக்கிறது. 1801-இல் ஜூசெப்பே பியாட்ஸி என்ற பாதிரியார் அமைத்த உச்சிவேளைக் கோடு அது. அதே வருடம் ஜனவரி 1-ஆம் தேதி இதே ஊரிலிருந்து சீரீஸ் குறுங்கோளைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். பக்கத்துச் சிறிய குவிமாடம் ஒன்றில் ஒரு துளை. அதன் வழியாக விழுகிற வெளிச்சம் சரியாக உச்சிப்பொழுதில் கோட்டைத் தொடும். அதுவரை அங்கே சூரிய அஸ்தமனத்திலிருந்துதான் மணியை எண்ணினார்களாம். இதைச் சொன்னதும் அப்பா, "நாம உதயத்துல இருந்து நாழிகை எண்ணினோம், இவங்க அஸ்தமனத்துல இருந்து" என்று உட்கார்ந்துவிட்டார்.

கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு ஆனது, வெளிச்சம் கோட்டுக்கு வரவில்லை. சூரிய நேரம் வேறு, கடிகார நேரம் வேறு, போதாததற்குக் கோடைக்கால மணி ஒன்று கூட்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தோம். 12.54. சுத்த வட்டமாக இல்லாமல் முட்டை போல நீண்ட ஒரு வெளிச்சம், கண்ணெதிரே ஊர்ந்து வந்து கோட்டின் மேல் ஏறியது. மகள் குனிந்து உள்ளங்கையை நீட்டினாள், விரல் இடுக்கெல்லாம் சிவந்து தெரிந்தது. "தாத்தா, சூரியன் என் கைல நகருது!"

அது விழுந்த இடம் துலாத்தைத் தாண்டி விருச்சிகத்தை நோக்கி இருந்தது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னும் புரட்டாசி முடியலியே, சூரியன் கன்னியிலதான இருக்கணும், ஐப்பசி ஒண்ணாந் தேதிதான துலாம்." அப்புறம் அவரே விளக்கினார். நம் பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து ராசியை எண்ணுகிறது, இவர்கள் இரவும் பகலும் சமமாகும் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். பூமியின் அச்சு மெல்லச் சுழன்று சுழன்று இரண்டுக்கும் இப்போது சுமார் 24 பாகை வித்தியாசம், அதுதான் அயனாம்சம். நாற்பது வருடமாக அவர் வாயால் கேட்ட சொல் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

வெளியே வந்தபோது எல்லோருக்கும் நல்ல பசி. பத்து நிமிட நடையில் பல்லரோ சந்தை. ஒரு தள்ளுவண்டியில் மெல்லிய சதுரங்களாக எதையோ எண்ணெயில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள், வாசனை வந்ததுமே அம்மா நின்றுவிட்டார். "இது கடலை மாவுடா." ஆமாம், கடலை மாவேதான்! பெயர் பனெல்லே. மாவைத் தண்ணீரில் கரைத்துக் களி மாதிரி கிண்டி, பார்ஸ்லி தூவி, மெல்லிசாகப் பரப்பி ஆறவிட்டு, வெட்டிப் பொரிக்கிறார்கள். எள் தூவிய பன்னுக்குள் நாலைந்தை அடுக்கி எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய் மாதிரி. அம்மா இரண்டு பன் சாப்பிட்டார்.

சைவமாகச் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. ஸ்ஃபின்சோனே என்ற ரொட்டியின் தக்காளியில் நெத்திலி சேர்ப்பார்கள், கன்னோலி என்ற இனிப்பின் மொறுமொறு ஓட்டில் பல கடைகளில் பன்றிக் கொழுப்பு போடுவது வழக்கம், அரிசி உருண்டையான அரன்சினாவில் வெண்ணெய் வகை என்று சொல்வதிலும் ஹாம், அதாவது பன்றி இறைச்சி, இருக்கும். கேட்டு வாங்குங்கள், முகம் சுளிக்காமல் சொல்கிறார்கள். கத்திரிக்காயைப் பொரித்து வினிகரும் சர்க்கரையும் ஆலிவும் போட்டு வதக்குகிற கப்போனாத்தா அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. புளியும் வெல்லமும் சேர்ந்த பச்சடி போலவே அந்த ருசி. புளிக்காய்ச்சல் பாட்டிலை யாரும் திறக்கவே இல்லை.

காய்கறிக் கடையில் எங்கள் பேச்சைக் கேட்டு ஒரு அக்கா திரும்பினார், "எங்கையிருந்து வந்தனீங்கள்?" என்று. பலெர்மோவில் ஈழத்தமிழர் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1624-இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காத்தவள் என்று இந்த ஊரே கொண்டாடுகிற சாந்தா ரொசாலியாவின் வெள்ளிப் பேழை பேராலயத்தில் இருக்கிறது. அவளுடைய குகைக்கோயில் பெல்லெக்ரீனோ மலையில். "ஞாயிற்றுக்கிழமையிலை மலைக்குப் போவம், சைவக்காரரும் போவினம்" என்றார் அக்கா, இந்துக்களைத்தான் அப்படிச் சொன்னார். அம்மா, "நம்ம மாரியம்மன் மாதிரிதான்" என்று சொல்லி மறுநாளே மலைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். போனோம். பாறையிலிருந்து சொட்டுகிற நீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கிளம்புகிற அன்று அப்பா மறுபடி பேராலயத்துக்குப் போகணும் என்றார். இரண்டு நாள் முன்பு வெளிச்சம் விழுந்த இடத்தை ஒரு பளிங்குக் கல்லின் விளிம்பை வைத்து ஞாபகம் வைத்திருந்தார். உச்சிப்பொழுதில் வெளிச்சம் அந்த விளிம்பைத் தாண்டி, ஒரு சாணுக்கு மேலேயே தள்ளி, விருச்சிகத்தின் பக்கம் போய் விழுந்திருந்தது. மகள் சாண் வைத்து அளந்தாள்.