பல எதிரிகள் உள்ள கொலை வழக்கு: உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அப்பீல்

ஏழு பேர் எதிரிகளாக (குற்றம் சாட்டப்பட்டவர்களாக) உள்ள கொலை வழக்கு, செஷன்ஸ் கோர்ட்டில் நாலு பேருக்கு ஆயுள் என்றால், நம்ம பக்கம் செலவை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து, ஒரே வக்கீலிடம் ஒரே அப்பீலாகக் கொடுத்துவிடுவது வழக்கம். சட்டத்தில் தடை இல்லை. ஆனால் உள்ளே எழுதும் காரணங்களும் எல்லோருக்கும் பொதுவாகவே இருந்தால் முதல் எதிரி ஏ1-இன் அரிவாளுக்கு ஆறாவது எதிரி ஏ6-உம் பதில் சொல்ல வேண்டிவரும். ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் வழக்கு என்றால் தனி வக்கீல், தனி அப்பீல்தான் சரி.

கெடு 60 நாள். தூக்கு என்றால் 30. தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க ஆன நாள்கள் கழியும், அதனால் நகலில் உள்ள முத்திரைத் தேதிகளைச் சரிபாருங்கள். இழுத்தடிப்பது பெரும்பாலும் வக்காலத்துதான் (வக்கீலை அமர்த்தும் பத்திரம்). ஒருவர் மதுரை மத்தியச் சிறை, இன்னொருவர் பாளையங்கோட்டை, பெண் இருந்தால் மதுரை பெண்கள் தனிச்சிறை. ஒவ்வொருவர் கையெழுத்தும் சிறை அதிகாரி சான்றொப்பத்தோடு வந்து சேர வேண்டும். காசில்லாதவர் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே அப்பீல் அனுப்பலாம். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது.

உயிர்நாடியான வேலை ஒரு அட்டவணை. எதிரி வாரியாக: கையில் என்ன ஆயுதம், எங்கே அடித்தார், எந்த சாட்சி சொல்கிறார், புகாரில் அது உண்டா, போலீஸ் விசாரணையில் அந்த சாட்சி தந்த வாக்குமூலத்தில் உண்டா, பிரேதப் பரிசோதனையில் எத்தனையாவது காயம். அரசுத் தரப்பின் முதல் சாட்சி (அ.சா.1) கூண்டில் ஏறி "ஏ5 கம்பால் இடது காலில் அடித்தார்" என்கிறார். புகாரில் ஏ5 பெயரே இல்லை, காலில் காயமும் இல்லை. இந்த ஒரு வரி ஏ5-ஐ வெளியே கொண்டுவரலாம். ஆனால் போலீஸ் வாக்குமூலத்தில் விட்டுப்போனதை சாட்சியிடம் சுட்டிக்காட்டி, விசாரணை அதிகாரியிடமும் கேட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். குறுக்கு விசாரணையில் அதை விட்டிருந்தால் அப்பீலில் பிடிமானம் இல்லை. முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட் கைக்குப் போன தேதியையும் நேரத்தையும் பாருங்கள். விளக்கமில்லாத தாமதம் இருந்தால், பெயர்கள் பிறகு சேர்க்கப்பட்டன என்ற வாதத்துக்கு அது வலு.

அடுத்தது தலைக்கணக்கு. சட்டவிரோதக் கும்பலில் ஒருவர் பொது நோக்கத்துக்காகச் செய்த குற்றத்துக்கு எல்லோரும் பொறுப்பு என்பது இந்திய தண்டனைச் சட்டம் (இ.பி.கோ.) 149, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 190. அது நிற்க ஐந்து பேராவது வேண்டும். ஏழில் மூவர் விடுதலையாகி நாலுதான் மிச்சம் என்றால் 149 ஆட்டம் காணும். பெயர் தெரியாத வேறு ஆட்களும் கூட இருந்தார்கள் என்று குற்றச்சாட்டும் சாட்சியும் சொன்னால் ஆட்டம் காணாது. விடுதலையான மூவர் மேல் அரசோ பாதிக்கப்பட்டவர் குடும்பமோ அப்பீல் போட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள், கணக்கே மாறும். 149 போனாலும், பொது எண்ணத்தோடு பலர் சேர்ந்து செய்த குற்றத்துக்கான 34 (பி.என்.எஸ். 3(5)) காத்திருக்கும்; பொது எண்ணத்துக்கு சாட்சியம் இருந்தால் கோர்ட் அதில் தண்டிக்கலாம். உச்ச நீதிமன்றத்தின் 1964 மசால்டி தீர்ப்பை எல்லோரும் தூக்கிக்கொண்டு வருவார்கள். கும்பல் வழக்கில் இரண்டு மூன்று சாட்சிகளாவது ஒத்துச் சொல்ல வேண்டும் என்ற பகுதி நமக்கு. கும்பலில் ஒருவராக நின்றாலே போதும், தனியாக அடித்திருக்கத் தேவையில்லை என்ற பகுதி அரசு வக்கீலுக்கு.

அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனுவை (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 389, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பி.என்.எஸ்.எஸ். 430) ஆளுக்கொன்றாகப் போடுவது நல்லது. மொத்தமாகப் போட்டால் ஏ1-க்குக் கிடைக்காத ஜாமீன் ஏ6-க்கும் கிடைக்காமல் போகலாம். ஆயுள் வழக்கில் அரசுத் தரப்புக்கு ஆட்சேபிக்க வாய்ப்புத் தராமல் விடுவிக்க முடியாது. உத்தரவு கிடைத்த அன்றே ஆள் வெளியே வந்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம்: உத்தரவு நகல் கீழ்க்கோர்ட்டுக்குப் போக வேண்டும், ஜாமீன்தாரர் இருவர் வீட்டு வரி ரசீதும் ஆதாரும் கொண்டு நிற்க வேண்டும், விடுதலை உத்தரவு சிறைக்குப் போக வேண்டும். அபராதம் கட்டிய ரசீது இல்லாததால் நின்றுபோவதும் உண்டு.

அப்பீலே போடாத எதிரி ஒருவர் சிறையில் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். அதே சாட்சியத்தை நம்பாமல் மற்றவர்களை விடுவித்தால், அவருக்கும் அந்தப் பலனைத் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாதத்தின்போது அதைக் கேட்டு வாங்க வேண்டும்.